கப்பலில் கட்டிய அருவி

ஆவுடையப்பனுக்குக் கல்லைத் தவிர வேறெதையும் நம்பத் தெரியாது. மனிதர்களை நம்பமாட்டான். மழையை நம்பமாட்டான். வெள்ளைக்காரன் மூட்டை கட்டப்போகிறான் என்று பேப்பரில் போட்டதைப் படித்துக் காட்டியபோது, "போனபொறவு சொல்லுங்க" என்று எழுந்து போய்விட்டான். கல் மட்டும்தான் வைத்த இடத்தில் இருக்கும் என்பான். தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் நான் குடியிருந்த தெருவில் கடைசி வீடு அவனுடையது. கல் உடைப்பது, கிணறு வெட்டுவது, வெட்டிய கிணற்றுக்கு உள்சுவர் கட்டுவது, இதுதான் தொழில். தென்காசி தொடங்கிக் கீழப்பாவூர் வரைக்கும் அவன் இறங்காத கிணறு இல்லை என்று சொன்னால் அதில் பொய் கொஞ்சம்தான் இருக்கும்.

தாயும் தகப்பனும் ஒரே காலராவில் போய்விட்டார்கள். மிஞ்சியது தங்கை வடிவம்மாள். அவளை வளர்த்து ஆளாக்கி நிமிர்வதற்குள் இவனுக்குக் கல்யாண வயது கடந்துவிட்டது. இவனும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தன்னிடம் வேலை பார்த்த நம்பிராஜனுக்கே தங்கையைக் கட்டிக்கொடுத்து, இரண்டு பேரையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டான். நம்பிராஜன் திருவேங்கடத்துப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவன். பேச்சு குறைவு. வீட்டோடு மாப்பிள்ளை என்று தெருவில் கேலி செய்தால் சிரித்துவிட்டுப் போவான். கிணற்று வேலையில் கீழே அவன் இறங்குவான், மேலே கயிற்றை ஆவுடையப்பன் பிடிப்பான். அந்தக் கயிறு ஒருநாளும் தப்பியதில்லை.

இவர்கள் இப்படியே காலத்தை ஓட்டியிருப்பார்கள். ஒரு பெரிய மனிதருக்குக் கப்பல் ஆசை வந்ததுதான் வினையாகப் போயிற்று.

எங்கள் பக்கத்து ஜமீன்தார் ஒருவர். பேர் வேண்டாம், பேரன்மார் இருக்கிறார்கள், சண்டைக்கு வருவார்கள். ஜமீனையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பேச்சு அடிபட்ட காலம். மற்ற ஜமீன்தார்கள் நிலத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று வக்கீல் வீட்டு வாசலில் தவம் கிடந்தார்கள். இவர் போய்க் கப்பல் வாங்கினார். யுத்தம் முடிந்து கடற்படைக்காரர்கள் தங்களுக்கு வேண்டாத சின்னச் சின்னப் போர்க்கப்பல்களைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கடலில் எதிரி மிதக்கவிட்ட வெடிகளை வாரித் திரிந்த கப்பல் ஒன்று கொச்சியில் துருவேறிக் கிடந்தது. அதை வாங்கி, பீரங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே கட்டிலும் கண்ணாடியும் போட்டு, கொழும்பு, பம்பாய் என்று குடும்பத்தோடு சுற்றப்போகிறாராம். யானையை வாங்கிக் கறவைமாடாக்குகிற யோசனை!

அதோடாவது நின்றாரா? அவருக்குக் குற்றாலத்தில் ஒரு பங்களா இருந்தது. சாரல் தொடங்கினால் அங்கேதான் வாசம். காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியில் தலையைக் கொடுத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். சீசன் முடிந்து அருவி வற்றிவிட்டால் முகமும் வற்றிவிடும். கப்பலில் போகும்போதும் அருவி கூடவே வரவேண்டும் என்று மனுசன் முடிவு பண்ணிவிட்டார். பீரங்கி நின்ற மேடையில் பாறைச்சுவர் எழுப்பி, அதன் தலையில் தொட்டி கட்டி, கீழேயிருந்து பம்பு வைத்துத் தண்ணீரை ஏற்றிக் கொட்டவேண்டும். பாறை குற்றாலத்துப் பாறை மாதிரியே இருக்கவேண்டும். ஆவுடையப்பனைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு விட்டார்கள்.

"ஏலே ஆவுடையப்பா, கப்பல்ல அருவி கட்டணும். கட்டுவியா?"

"தரை இருந்தாக் கட்டிருவேன் மகாராசா."

"கப்பலுக்கும் தரை உண்டுலே. இரும்புத் தரை."

"அப்போ கட்டிருவேன்."

இவ்வளவுதான் பேச்சு. கப்பலை இவன் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆழம் தெரியாமல் காலை விடுவது என்று சொல்வோமே, இவன் இரண்டு காலையும் விட்டான்.

வடிவம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. அண்ணன் போவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. புருசனைக் கூட்டிப்போவதைத்தான் தடுத்தாள்.

"அவுகளுக்கு நீச்சல் தெரியாதுண்ணே. கடல் தண்ணியில என்ன வேல?"

"ஏட்டி, கிணத்துல எறங்குதவனுக்குத் தண்ணியக் கண்டு பயமா?"

"கிணத்துல கயிறு இருக்கு. மேல நீ நிக்க."

"அங்கனயும் நான்தானே நிக்கப்போறேன்."

அவள் அதற்குமேல் வாதாடவில்லை. "கூட்டிட்டுப் போற மாதிரி கூட்டிட்டு வரணும்" என்று மட்டும் சொன்னாள். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் அவன் ரயில் ஏறினான். கல்லெல்லாம் தென்காசியில் கூட்ஸ் வண்டியில் ஏறி, செங்கோட்டை மலையைத் தாண்டிக் கொல்லம் போய், அங்கிருந்து வள்ளம் என்கிற படகுகளில், காயல் என்று அங்கே சொல்கிற உப்பங்கழி வழியாகக் கொச்சி போய்ச் சேர்ந்தது. கல்லோடு கல்லாக இவர்கள் இரண்டு பேரும் போனார்கள்.

கப்பலைப் பார்த்ததும் நம்பிராஜன் "இதுலயா மச்சான் வீடு கட்டப்போறாவ?" என்று கேட்டானாம். அப்போது பாதி வேலை நடந்துகொண்டிருந்தது. குண்டு அடுக்கிவைத்திருந்த அறையில் ராணியம்மாளுக்கு ஆளுயரக் கண்ணாடி பதித்திருந்தார்கள். சிப்பாய்கள் ஒருவர் மேல் ஒருவராகப் படுத்துக் கிடந்த இடத்தில் செங்கோட்டைத் தேக்கில் பலகை அடித்து, வார்னீஷ் போட்டு, வெல்வெட் திரை தொங்கவிட்டிருந்தார்கள். ஆளைக் கொல்லக் கட்டிய கப்பலுக்கு இப்படி மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அடிவயிற்றில் வரிசையாக அடுக்கியிருந்த கனத்த இரும்புக் கட்டிகள் எதற்கு என்று ஜமீன் காரியஸ்தருக்கு விளங்கவில்லை. விளங்காததை எல்லாம் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் சாராயப் பெட்டிகளை வைக்க அறை கட்டச் சொல்லிவிட்டார்.

இந்த வேலைக்கெல்லாம் மேற்பார்வை காந்திமதிநாதன் என்கிற இன்ஜினியர். திருநெல்வேலிக்காரர். யுத்தம் முடிகிறவரைக்கும் கடற்படைக் கப்பல்களில் இயந்திரம் பார்த்தவர். கெட்டிக்காரர், ஆனால் வாயைத் திறந்து விளக்கம் சொல்வதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற ஜாதி. "செய்", "செய்யாதே", இந்த இரண்டு வார்த்தைதான் அவரிடம் வேலைக்காரர்களுக்குக் கிடைக்கும். கல் ஏறுவதைப் பார்த்ததும் அவர் ஜமீன்தாரிடமே நேராகப் போனார். ஆவுடையப்பனும் அப்போது பக்கத்தில் நின்றான்.

"கீழ இருந்த கனத்தையெல்லாம் எடுத்தாச்சு. இப்ப மேல கனத்த ஏத்துதீங்க. இது சரியா வராது மகாராஜா. கவுந்துரும்."

ஜமீன்தார் இவன் பக்கம் திரும்பி, "நிக்குமாலே?" என்றார்.

"கனந்தான் மகாராசா நிலை. கனமில்லாததுதான் ஆடும். கோபுரத்துக்கு மேல எம்புட்டுக் கல்லு ஏத்துதாவ, அது ஆடவா செய்யுது?"

காந்திமதிநாதன் சிரித்துவிட்டார். "தென்காசிக்காரன் வந்து கோபுரத்தப் பத்திப் பேசுதான் பாரு! உங்க ஊரு மொட்டக் கோபுரம் எங்கன ஓய் நிக்கி?"

அங்கே நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தென்காசியில் பிறந்தவனுக்கு இதைவிட வேறு அடி வேண்டாம். "அது இடி விழுந்து பொளந்தது. கல்லு வச்சவன் குத்தமில்ல" என்று ஆவுடையப்பன் சொன்னது சிரிப்பில் அமுங்கிப்போயிற்று. அன்றைக்கு அவனுக்குள் ஒரு வீம்பு ஏறியது. அந்த இன்ஜினியர் பகல் என்று சொன்னாலும் இவன் இராத்திரி என்றுதான் சொல்லியிருப்பான்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கல் ஏறுவதற்கு முன்னால், பக்கத்தில் ஒரு படகு போனாலும் கப்பல் வெடுக் வெடுக்கென்று ஆடும். பாறைச்சுவர் உயர உயர அந்த ஆட்டம் மெதுவாகிக்கொண்டே வந்தது. தொட்டி கட்டி முடித்தபோது, தொட்டில் ஆடுவதுபோல மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, நிதானமாக மறுபக்கம் வந்தது. ஜமீன்தாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "கல்லுக்காரன் சொன்னதுதான்யா சரி" என்றார். மேலே கனம் ஏறிய கப்பல் அப்படித்தான் சோம்பேறித்தனமாக ஆடும், அது கவிழ்வதற்கு முந்தின ஆட்டம் என்று காந்திமதிநாதனுக்குத் தெரியும். இனி ஒரு கல்கூட ஏற்றக்கூடாது என்று மட்டும் சொன்னார். ஆவுடையப்பன் இன்னும் ஒரு வரிசை ஏற்றினான்.

புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவதுபோலக் கப்பலுக்கும் பால் காய்ச்சிக் குடிபுக நாள் பார்த்தார்கள். குற்றாலத்துப் பங்களாவிலிருந்து உறவுமுறை எல்லாம் வந்து இறங்கியது. காலையில் நாதசுரம், பூசணிக்காய், சூடம். பம்பு ஓடித் தொட்டி நிறைந்துகொண்டிருந்தது. பால் பொங்கியதும் அருவியைத் திறப்பதாக ஏற்பாடு. அந்த நேரத்தில் கீழே பம்பு அறையில் குழாய் பாறைச்சுவருக்குள் நுழைகிற இடத்தில் தண்ணீர் ஒழுகுகிறது என்று ஆள் வந்து சொன்னான். ஆவுடையப்பன்தான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் ஜமீன்தார் அவனைக் கூப்பிட்டுச் சால்வை போடப்போகிறார் என்று காரியஸ்தர் காதைக் கடித்திருந்தார். இன்ஜினியரும் எதிரில்தான் நின்றார். அவர் பார்க்க அந்தச் சால்வையை வாங்கவேண்டும் என்று இவனுக்கு ஆசை.

"மாப்ள, நீ போயி ஒரு பூச்சுப் பூசிட்டு வா."

நம்பிராஜன் சுத்தியலையும் கரணையையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அருவியைத் திறந்தார்கள். தண்ணீர் பாறையில் விழுந்து தெறித்ததைப் பார்த்ததும் ஜமீன்தார் முதலில் போய்த் தலையைக் கொடுத்தார். குற்றாலத்தில் அருவியைக் கண்டால் நம் ஜனம் என்ன செய்யுமோ அதையே மற்றவர்களும் செய்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, எல்லாரும் அருவி விழுந்த பக்கமே ஓடினார்கள். கப்பல் அந்தப் பக்கம் மெல்லச் சாய்ந்தது. தொட்டிலாக இருந்தால் திரும்பி வரும். அது வரவில்லை. மேலே தொட்டியிலிருந்த தண்ணீர் ஒரே பக்கமாக ஒதுங்கியது, சாமான்கள் உருண்டன, ஆவுடையப்பன் பார்த்துப் பார்த்துப் பதித்த பாறைச்சுவர் அப்படியே காயலுக்குள் போயிற்று. கப்பலும் அதன் பின்னாலேயே புரண்டது.

வெளியே நின்றவர்களில் பெரும்பாலானவர்களை வள்ளக்காரர்கள் வாரி எடுத்துவிட்டார்கள். ஜமீன்தாரும் பிழைத்தார். அப்படிப்பட்டவர்கள் எப்போதும் பிழைத்துவிடுவார்கள். சமையல்காரர் ஒருவரும் நாதசுரக்காரர் ஒருவரும் போய்விட்டார்கள். ஆவுடையப்பனை ஒரு வள்ளக்காரன் முடியைப் பிடித்து இழுத்து ஏற்றினான். ஏறியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "எங்க மாப்ள எங்க?"

கப்பல் தலைகீழாகக் கிடந்தது. வயிறு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. ஆவுடையப்பன் அதன்மேல் ஏறி, இரும்பில் காதை வைத்தான். உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது.

கிணற்று வேலைக்காரர்களுக்கு ஒரு பாஷை உண்டு. ஆழத்திலிருந்து கத்தினால் சுவரில் மோதி எதிரொலிதான் வரும், வார்த்தை வராது. அதனால் கீழே நிற்பவன் சுத்தியலால் பாறையில் தட்டுவான். விட்டு விட்டுத் தட்டினால், நான் இருக்கிறேன், தூக்கு என்று அர்த்தம். இடைவிடாமல் படபடவென்று தட்டினால், நிறுத்து என்று அர்த்தம். நிறுத்து என்று தட்டிவிட்டால் மேலே இருப்பவன் ஏன் என்று கேட்கக்கூடாது. கை அப்படியே நிற்க வேண்டும். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அப்போது கேட்டது விட்டு விட்டு வந்த தட்டு. ஆவுடையப்பன் ஒரு கம்பியை வாங்கிப் பதிலுக்குத் தட்டினான். உள்ளேயிருந்து மறுபடி வந்தது. கரையில் நின்றவர்கள் கூவினார்கள். அவன் கப்பல் வயிற்றின் மேல் உட்கார்ந்து குழந்தைபோல அழுதானாம்.

காந்திமதிநாதன் ஏறி வந்து காது வைத்துக் கேட்டார்.

"ஆளு உசுரோடதான் இருக்கான். கடற்படைக் கிடங்குல போயி மிஷின் கொண்டுவாரேன். நான் வரமட்டும் ஒருத்தனும் இதத் தொடக்கூடாது, கேட்டியா?"

சொல்லிவிட்டு மோட்டார் படகில் போய்விட்டார். ஏன் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. படித்தவர்களிடம் இதுதான் எனக்குப் பிடிக்காத குணம். காரணத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடுகிற நேரம்.

வெயில் ஏறியது. இன்ஜினியரைக் காணோம். உள்ளே தட்டு வரும், கொஞ்சம் நிற்கும், மறுபடி வரும். ஒரு தடவை நின்றது வர நேரமாயிற்று. ஆவுடையப்பனுக்கு மூடிக்கிடந்த பழைய கிணறுகள் ஞாபகத்துக்கு வந்தன. அப்படிப்பட்ட கிணற்றுக்குள் கெட்ட காற்று அடைந்து நிற்கும். இறங்கினவன் மூச்சு முட்டி விழுவான். வாயைத் திறந்துவிட்டுக் காற்றாட வைத்தால்தான் ஆள் பிழைப்பான். இவன் வாழ்நாளில் அப்படி இரண்டொருவரைக் காப்பாற்றியும் இருக்கிறான். இதுவும் மூடிய இரும்புக் கிணறுதானே? உள்ளே மாப்பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறான், மேலே நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று அவனுக்குப் பட்டது.

பாறைக்குச் சட்டம் மாட்ட இரும்பில் துளை போட்டுப் பழகிய கை அது. பக்கத்தில் நின்ற படகிலிருந்து கையால் சுற்றுகிற டிரில்லை வாங்கினான். தட்டு வந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றத் தொடங்கினான். இரும்பு ஓட்டையானதும் உஸ்ஸென்று சீறிக்கொண்டு காற்று வெளியே வந்து முகத்தில் அடித்தது. எண்ணெய் நாற்றம்.

"கெட்ட காத்து போகுது!" என்று கத்தினான். கரையில் ஜமீனோடு வந்திருந்த தென்காசிக்காரர்கள் குலவையிடாத குறைதான்.

கல்லைப் பிளக்கிறவன் ஒரு துளையோடு நிற்கமாட்டான். வரிசையாகத் துளை போட்டு, உளியை வைத்து அடித்தால் கல் கோடு பிடித்துப் பிளக்கும். இவனுக்குத் தெரிந்த வழி அதுதான். இரண்டாவது துளை போட்டான். அடுத்ததைத் தொடங்கும்போது உள்ளே தட்டு மாறியது. படபடபடவென்று, இடைவெளியே இல்லாமல்.

நிறுத்து.

அவனுக்கு அது தெளிவாகக் கேட்டது. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம். 'பயந்துட்டான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "பொறு மாப்ள, இன்னா வந்துட்டேன்" என்று இரும்பைப் பார்த்துக் கத்திக்கொண்டு இன்னும் வேகமாகச் சுற்றினான். தட்டு இடம் மாறி மாறி வந்தது. கடைசியில் அவன் முழங்காலுக்கு நேர் கீழே, தகட்டுக்கு அந்தப் பக்கத்திலேயே கேட்டது. மாப்பிள்ளை கிட்டத்தில் வந்துவிட்டான் என்று இவனுக்குச் சந்தோசம். தண்ணீர் அவனை மேலே மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்தது. கப்பல் வயிறு தாழ்ந்து, காயல் தன் கணுக்காலைத் தொட்டதைக்கூட இவன் கவனிக்கவில்லை. கரையில் இருந்தவர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் குனிந்து பார்த்தான். அப்போது தட்டு நின்றிருந்தது.

காந்திமதிநாதனின் படகு காற்றடிக்கும் மிஷினோடு வந்து சேர்ந்தது. அவர் பாய்ந்து வந்து சட்டையைக் கழற்றித் துளைகளில் திணித்தார். அதற்குள் சீற்றம் அடங்கியிருந்தது.

"என்ன காரியம்லே பண்ணிட்ட! உள்ள அடைஞ்சு நின்ன காத்துதாம்லே தண்ணிய மேல வரவிடாமத் தடுத்துச்சு. அதுலதான் அவன் மூச்சு விட்டுக்கிட்டு இருந்தான். அதத் தெறந்து விட்டுட்டியேலே!"

ஆவுடையப்பன் டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். அதைப் பிடுங்கி வாங்க வேண்டியிருந்தது.

உடலை எடுத்து அங்கேயே கொள்ளி வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் வேட்டி துண்டு மூட்டையோடு அவன் மட்டும் ஊருக்கு வந்தான். அவனுக்கு முன்னாலேயே கதை வந்து சேர்ந்திருந்தது. கரையில் நின்று பார்த்த நம்மூர்க்காரர்கள் ஊதி ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள். கப்பல் முழுகிக்கொண்டிருக்கும்போது உயிரை மதிக்காமல் அதன்மேல் நின்று, இரும்பைத் துளைத்து, தங்கை புருசனுக்குக் காற்றுக் கொடுத்த தீரன். இன்ஜினியர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஏறினாலும் யாருக்கும் புரிந்திருக்காது. ஓட்டை போட்டால் காற்று உள்ளேதானே போகும்? சந்தையில் முன்பின் தெரியாதவர்கள்கூட அவனைக் கண்டால் கும்பிட்டார்கள். கும்பிட்டவனைப் பார்த்து இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். தன்னடக்கம் என்று அதற்கும் ஒரு பேர் வைத்தார்கள்.

வடிவம்மாள் அந்தக் கதையைத்தான் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது? அழுது ஓய்ந்ததும் அண்ணனிடம் கேட்பாள்.

"அவுக மூச்சு முட்டிச் சாகலல்லாண்ணே? கடேசி வரைக்கும் காத்து இருந்திச்சுல்லா?"

அவன் "ம்" என்பான். அந்த 'ம்'மை நானும் கேட்டிருக்கிறேன். அது பதில்போலவே இருக்காது.

ஜமீன்தார் குடும்பம் அடுத்த சாரலுக்கும் குற்றாலத்துக்கு வந்தது. ஆவுடையப்பன் கிணற்று வேலைக்குத் திரும்பியிருந்தான். குற்றாலம் போகிற ரோட்டுப் பக்கம் ஒரு தோப்பில் கிணற்றை ஆழப்படுத்துகிற வேலை. கீழே குற்றாலிங்கம் என்று புதிதாகச் சேர்ந்த ஆள். வடிவம்மாள் கஞ்சி கொண்டுபோயிருந்தாள். கல் நிறைந்த கூடை பாதி வழியில் ஏறிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து படபடவென்று தட்டு வந்தது. ஆவுடையப்பன் கை அந்த நொடியே கயிற்றில் நின்றது. கயிற்றின் முறுக்கு அவிழ்ந்து கூடை ஒருக்களித்திருந்தது, இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் கல் குற்றாலிங்கத்தின் தலையில் இறங்கியிருக்கும். எல்லாரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். ஆவுடையப்பன் மட்டும் கஞ்சியைக்கூடத் தொடாமல், வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். பிழைத்த ஆளே நிமிர்ந்து நிற்கும்போது காப்பாற்றியவன் ஏன் இப்படி ஓடுகிறான் என்று வடிவம்மாளுக்குத் தோன்றியிருக்கிறது. அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, கப்பலுக்குள்ள அவுக எப்பிடித் தட்டினாவ?"

அவன் எழுந்திருக்கப் பார்த்தான்.

"தட்டிக் காட்டு."

தரையில் விரல் முட்டியால் தட்டினான். முதலில் விட்டு விட்டு. பிறகு, அவள் போதும் என்று சொல்லுகிறவரைக்கும், இடைவிடாமல்.

அவளும் கல்லுக்காரன் வீட்டில் பிறந்தவள்தான். விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

"நிறுத்துன்னு சொல்லியிருக்காவ."

"ஆமா."

"ஒனக்கு வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சு தாயி. பயத்துல தட்டுதான்னு நெனச்சிட்டேன்."

அவள் கேட்டாள். "இத்தன வருசத்துல அவுக என்னைக்காவது பயந்து தட்டியிருக்காவளா?"

இல்லை. ஒருநாளும் இல்லை. நம்பிராஜன் தட்டினால் அதில் பொருள் இருக்கும் என்று வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்தவன் ஆவுடையப்பன்தான். கல்லை நம்பியவன் அந்தத் தட்டை நம்பவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அவன்மேல் கோபம் வருகிறது, அதைவிட அதிகமாகப் பரிதாபமும் வருகிறது.

அன்றிலிருந்து அவள் அவனிடம் பேசுவதை விட்டுவிட்டாள். சோறு வடிப்பாள், வட்டிலில் போட்டு வைப்பாள், துணி துவைத்துப் போடுவாள். வார்த்தை மட்டும் கிடையாது. ஆனால் தெருவில் யாராவது காற்றுக் கொடுத்த கதையை எடுத்தால், "ஆமா, எங்கண்ணன் அங்கனதான் நின்னாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ஊருக்கு முன்னால் அவனை விட்டுக்கொடுத்தது இல்லை. வீட்டுக்குள் அவனுக்கு ஒரு சொல் கொடுத்ததும் இல்லை. இரண்டில் எது கொடுமை என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

அடுத்த வருசம் காந்திமதிநாதன் ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தார். விசாரணை என்று அலைக்கழித்து, கடைசியில் பழியை அவர் தலையில் வைத்து வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். உட்கார என் வீட்டு நாற்காலியைத்தான் கொண்டுபோய்ப் போட்டேன், அதனால் நானும் அங்கே நின்றேன். ஆவுடையப்பன் மூலையில் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தவன் எழுந்திருக்கவில்லை. காந்திமதிநாதன் வடிவம்மாளைப் பார்த்துத்தான் பேசினார். வாயைத் திறந்து விளக்கம் சொல்லாத மனுசன் அன்றைக்கு நிறுத்தாமல் பேசினார்.

"தொடாதன்னு சொன்னேம்மா. ஏன்னு சொல்லல. அதச் சொல்லிட்டுப் போயிருந்தா உம்புருசன் பொழைச்சிருப்பான். அந்தப் பாவம் எந்தலையிலதான் இருக்கு. ஒங்கண்ணன் என்ன செய்வான், அவனுக்கு ஏன்னு தெரியாது. அதச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

வடிவம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உளி தீட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. அண்ணனுக்குச் சாதகமாக ஒருவர் வாயைத் திறந்து பேசுகிறார், அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அவள் காந்திமதிநாதனைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க மனசப் போட்டு அலட்டிக்கிடாதீய ஐயா. நீங்க ஏன்னு சொல்லியிருந்தாலும் அவரு கேட்டிருக்க மாட்டாரு. அவுக தட்டினதையே கேக்கலியே."